பறக்கும் ரயில் ஸ்டேஷன் எதுக்குங்க இம்புட்டு பெருசா, இம்புட்டு காலியா?

வைகைக்கரை செல்வி · இரவு 10:48

வணக்கம் மக்களே. மெட்ராஸ் வந்து மூணு வாரம்தான் ஆச்சு, சொந்த ஊரு மதுரைப் பக்கம். வேலை திருவான்மியூர்ல டைடல் பார்க் கிட்ட, ரூம் மயிலாப்பூருக்கும் அடையாருக்கும் நடுவுல ஒரு இடத்துல. ஆபீஸ்ல பாதிப்பேரு பைக் டாக்ஸி, மீதிப்பேரு ஷேர் ஆட்டோ. நான் மட்டும் மேப்பைப் பாத்துட்டு அட ரயிலே இருக்கேன்னு பறக்கும் ரயில்ல ஏறிட்டேன். 5 ரூபா டிக்கெட்டு, பத்து நிமிசத்துல வீடு, தென்னை மரத்து உச்சியெல்லாம் நம்ம கண்ணுக்கு நேரா வருது, அடையாறு மேல போறப்ப காத்து சும்மா அள்ளிட்டுப் போகுது. இதுல எல்லாம் குறையே இல்ல.

ஸ்டேஷன்தான் எனக்குப் புரியல. எந்த ஸ்டேஷன்னு சொல்லல, நான் தினமும் நடக்குற இடம். கீழ ஒரு ஹால், ரெண்டு கல்யாணம் ஒரே நேரத்துல வைக்கலாம், அதுல ஒரு மூலையில ஒத்தக் கவுன்ட்டர். அதுக்கு மேல இன்னொரு ஹால், அதுல தூணும் புறாவும் தவிர ஒண்ணும் கிடையாது. அதுக்கும் மேலதான் பிளாட்பாரம். எங்க ஊரு புது மண்டபத்துத் தூண்லயாச்சும் சிலை இருக்கும் பாக்கலாம், இது மொட்டை சிமெண்டு. நேத்து ராத்திரி 9:20க்கு இறங்கினேன், என்கூட இறங்கினது நாலு பேரு, அவங்க விறுவிறுன்னு போயிட்டாங்க, நடு ஹால்ல ரெண்டு டியூப் லைட்டுல ஒண்ணு கண்ணடிச்சிட்டு இருக்கு, என் செருப்புச் சத்தம் எனக்கே ரெண்டு தடவை கேக்குது. நிஜமா சொல்றேன், ஓடிட்டேன்.

யாரு வருவாங்கன்னு இதை இவ்ளோ பெருசா கட்டினாங்க? ராத்திரி 9 மணிக்கு மேல இதுல வரலாமா, இல்ல பேசாம பஸ்ஸுக்கு மாறிடவா?


டிகிரி காப்பி · இரவு 11:05

வாங்க செல்வி, மெட்ராஸ் உங்களை அன்புடன் வரவேற்கிறது, செருப்பைக் கைல எடுத்துக்கங்க 😄 முதல் கேள்விக்கு ஒரே வரில பதில்: அது ஸ்டேஷனா மட்டும் கட்டல, வாடகைக்கு விடலாம்னு கட்டினது. கடை வரும் ஆபீஸ் வரும்னு மாடி மேல மாடி போட்டாங்க, ஆளு வரல, புறா வந்துச்சு.


தண்டவாளக் கிறுக்கன் · இரவு 11:31

காப்பி சொல்றது சரி, ஆனா கதை கொஞ்சம் பெருசு. எழுபதுகள்லயே பேச ஆரம்பிச்ச திட்டம் இது. 1995 நவம்பர்ல பீச் டு சேப்பாக்கம் முதல்ல ஓடுச்சு, 1997ல திருமயிலை வரைக்கும் வந்துச்சு. அங்கயே பல வருசம் நின்னுடுச்சு. அப்புறம் 2004ல திருவான்மியூர், 2007ல வேளச்சேரி. 19 கிலோமீட்டர் சொச்சம் போட 12 வருசம். இந்தியாவுலயே தூண் மேல ஓடுன முதல் ரயில் பாதை நம்மளோடதுதான், டெல்லி மெட்ரோவே 2002லதான் வந்துச்சு. இதைச் சொன்னா இப்ப யாரும் நம்ப மாட்டேங்குறாங்க.

பீச், கோட்டை, பூங்கா நகர் இதெல்லாம் தரையில இருக்கு. பூங்கா நகர் தாண்டி சிந்தாதிரிப்பேட்டைக்குள்ள ஏறும் பாருங்க, அங்கதான் "பறக்கும்" ஆரம்பம். பேரு வச்ச ஜனங்களுக்கு ஒரு கும்பிடு. அரசாங்கம் வச்ச பேரு நாலு எழுத்து இங்கிலீஷ், அதை எவனும் சொல்ல மாட்டான், ஆட்டோக்காரர்ட்ட போயி பறக்கும் ரயில்னு சொல்லுங்க, கரெக்டா கொண்டு போயி விடுவாரு.

பெருசா இருக்குறதுக்குக் காரணம்: ரெண்டாம் கட்டத்துல, அதாவது திருமயிலைக்குத் தெக்கால, செலவுல மூணுல ரெண்டு பங்கு மாநில அரசு, மீதி ரயில்வே. போட்ட காசை டிக்கெட்டுல மட்டும் எடுக்க முடியாது, ஸ்டேஷன் கட்டடத்தையே சம்பாதிக்க விடலாம்னு கணக்கு. கணக்கு தப்புன்னு சொல்ல மாட்டேன், ஹாங்காங்ல ஸ்டேஷன் மேல கட்டடம் கட்டித்தான் ரயில் ஓட்டுறாங்க. ஆனா அங்க ஜனம் முதல்ல, கடை அப்புறம். இங்க கடை வந்தாத்தான் ஜனம் வரும், ஜனம் வந்தாத்தான் கடை வரும்னு ஒண்ணை ஒண்ணு பாத்துட்டே நின்னுச்சு. அந்த நடு ஹால்தான் நீங்க ஓடுன ஹால்.


தண்ணிக்குள்ள வேளச்சேரி · இரவு 11:40

தல ரயிலைப் பத்தி வாயைத் தொறந்தா விடிய விடியப் பேசுவாப்ல. நா ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன், வேளச்சேரி ஸ்டேஷன் பெருசா இருக்குன்னு எவனும் கொறை சொல்லாதீங்க. மழைன்னா பாலத்து மேல காரைக் கொண்டு போயி நிறுத்துற ஊரு எங்களுது, மூணு மாடிக் கட்டடம்னா எங்களுக்கு அது ஸ்டேஷன் இல்ல, கப்பல்.


சேத்துக்கால் சூப்பர்வைசர் · காலை 5:52

காலைல வாக்கிங் போறதுக்கு முன்னாடி பாத்தேன், எழுதாம போக மனசு வரல. தொண்ணூறுகள்ல இந்த லைன்ல பைல் வேலைல, அதாவது தூணுக்கு அடில ஆழமா அஸ்திவாரம் போடுற வேலைல, ஒரு சப் காண்ட்ராக்டர்கிட்ட சூப்பர்வைசரா இருந்தேன், இப்ப வயசு 60 தாண்டிடுச்சு, தப்பா இருந்தா தம்பிங்க திருத்துங்க.

ஏன் இந்த லைன் வளைஞ்சு வளைஞ்சு போவுது, ஏன் ஸ்டேஷன் எல்லாம் மெயின் ரோட்டுல இல்லாம பின்னாடி சந்துல இருக்குன்னு யாரும் கேக்க மாட்டேங்குறீங்க. காரணம் பக்கிங்ஹாம் கால்வாய். ஊருக்குள்ள நெலம் எடுக்கணும்னா வீடு இடிக்கணும், கோர்ட்டு கேசு, வருசக்கணக்கா இழுக்கும். கால்வாய் சர்க்கார் பொறம்போக்கு, கேக்க ஆள் இல்ல, அதனால தூணை அதுலயே எறக்கிட்டாங்க. அந்தக் கால்வாயும் சாதாரணம் இல்லப்பா, 1806ல வடக்க எண்ணூர் பக்கம் வெட்ட ஆரம்பிச்சது, கூவத்தையும் அடையாறையும் சேக்குற துண்டு இருக்கே, நம்ம ரயில் ஓடுற இடம், அது 1877, 78 தாது வருசப் பஞ்சத்துல கஞ்சிக்கும் கூலிக்கும் வந்த ஜனங்க மண்வெட்டில வெட்டினது. ஆந்திராவுலேருந்து மரக்காணம் வரைக்கும் படகு போயிருக்கு. எங்கப்பா உப்பு மூட்டையும் வெறகும் படகுல வந்து எறங்குறதைப் பாத்திருக்காரு. நாங்க வேலை செய்றப்ப அது சாக்கடை.

பைல் போடுறதுன்னா என்னன்னு சொல்றேன். முதல்ல கேசிங் பைப்பை சேத்துக்குள்ள எறக்கணும், அப்புறம் துளை போடணும், துளை இடிஞ்சு விழாம இருக்க பென்டோனைட்னு ஒரு களிமண் கரைசல் ஊத்திக்கிட்டே இருக்கணும், அது மோர் மாதிரி இருக்கும், கைல பட்டா வழவழன்னு. கெட்டித் தரை வந்தப்புறம் கம்பிக்கூட்டை எறக்கி, ட்ரெமி பைப் வழியா அடிலேருந்து கான்கிரீட்டை நெரப்பிட்டு வரணும், கான்கிரீட் கீழேருந்து ஏற ஏற பென்டோனைட் மேல பொங்கி வரும். நடுவுல நிறுத்தினா பைல் போச்சு. ஒரு தடவை ராத்திரி 2 மணிக்கு கான்கிரீட் லாரி வழில மாட்டிக்கிச்சு, நாங்க கால் முட்டி வரைக்கும் சேத்துல நின்னுக்கிட்டு வராத லாரிக்கு சாமி கும்புட்டுட்டு இருந்தோம், கொசு ஒவ்வொண்ணும் தும்பி சைசு. ஐப்பசி கார்த்திகைல வேலையே ஓடாது, தண்ணி ஏறிடும்.

அந்தத் தூணால கால்வாய் குறுகிப்போச்சுன்னு பின்னாடி எல்லாரும் திட்டினாங்க. திட்டு நியாயம்தான். தண்ணி போற வழில தூணை வச்சா தண்ணி எங்க போகும். ஆனா இன்னொண்ணு சொல்றேன், ஸ்டேஷன் காலியா இருக்குறதுக்கும் அதேதான் காரணம். கால்வாய் ஓரம் எது இருக்கும்? வீட்டோட பொறக்கடை, குடிசை, குப்பைமேடு. ஊரோட முதுகுப் பக்கத்துல வாசல் வச்சுட்டோம்.


மயிலை மாமி · காலை 7:20

சூப்பர்வைசர் சார், படிக்கப் படிக்க கண்ணுல தண்ணி வந்துடுத்து. அந்தத் தூண் எழும்பும்போது நாங்க மொட்டை மாடிலேர்ந்து பாத்துண்டு இருப்போம், இங்கேர்ந்து ரயில் போறதாமே, யார் ஏறப்போறான்னு எங்காத்துல சிரிப்பா. இப்போ பேத்தி அதுலதான் காலேஜ் போறா.

செல்வி, நீ பயப்படாதேன்னு சும்மா சொல்ல மாட்டேன், பயம் இருந்தா நல்லதுதான். ஆனா மொத்த லைனையும் சுடுகாடு மாதிரி பேசாதீங்கோ. பங்குனி அறுபத்துமூவர் அன்னிக்கு திருமயிலை ஸ்டேஷன்ல வந்து நின்னு பாரு, கால் வைக்க எடம் இருக்காது. முண்டகக்கண்ணி அம்மன் கோயில் ஸ்டேஷன் 2014லதான் திறந்தா, அதுக்கு முன்னாடி ரயில் நிக்காம அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிடும். இப்போ ஆடி வெள்ளிக்கிழமைல எங்கெங்கேர்ந்தோ வந்து இறங்கறா. இவ்ளோ பெரிய சிமெண்ட் ஸ்டேஷன் பக்கத்துல அம்மன் இன்னும் ஓலைக்கூரைக்குக் கீழதான் இருக்கா, அவளுக்கு அதுதான் பிடிச்சிருக்கு.


ஓ.எம்.ஆர் கைதி · காலை 9:14

எல்லாரும் நாஸ்டால்ஜியால மிதக்குறீங்க. நான் நேரா சொல்றேன், இந்த லைனுக்கு எக்ஸ்க்யூஸ் சொல்றதை நிறுத்துங்க. மெட்ரோவுல ஒரு தடவை போயிட்டு வாங்க செல்வி. 2015 ஜூன் 29ல கோயம்பேடு டு ஆலந்தூர் திறந்த அன்னிக்கே நான் போனேன், அசோக் நகர் ஸ்டேஷனை எடுத்துக்கங்க. 100 அடி ரோட்டுக்கு நட்ட நடுவுல தூண், மேல முதல் தளத்துல டிக்கெட், அதுக்கு மேல பிளாட்பாரம், ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் படி எஸ்கலேட்டர் லிஃப்ட் இறங்குது. அவ்ளோதான். வேண்டாத ஒரு ஹால் கிடையாது. எங்க ஜனம் நடக்குதோ அங்க வாசல்.

ஆலந்தூர் போயிருக்கீங்களா? கத்திப்பாரா பாலத்தைத் தாண்டி ரெண்டு லைனும் ஒண்ணு மேல ஒண்ணு வந்து நிக்குது, ஒரு தளத்துல இறங்கி எஸ்கலேட்டர்ல இன்னொரு தளம் போனா மாத்தி ஏறிடலாம். ஏர்போர்ட்லேருந்து வர்றவன் பெட்டியை இழுத்துக்கிட்டு கோயம்பேடு வண்டிக்கு மாறுறான், ரோட்டுல காலே வைக்க வேண்டாம். அதுதான் ஸ்டேஷன். அந்த உசரத்துல நின்னுக்கிட்டு கீழ கத்திப்பாராவுல வண்டிங்க கோலம் போடுறதைப் பாக்குறது தனி சுகம்.


கீழ்ப்படி டெய்லி பேசஞ்சர் · காலை 9:33

ஓ.எம்.ஆர் அண்ணே, சுகம் எல்லாம் சரிங்க, மெட்ரோவுல மினிமம் 10, அதிகபட்சம் 50 ரூபா. இங்க 5 ரூபா. மாச சீசன் எடுத்தா அதைவிட சல்லிசு. எங்க வீட்டு வேலைக்கு வர்ற அக்கா பெருங்குடி பக்கத்துலேருந்து வர்றாங்க, அவங்க சம்பளத்துல மெட்ரோவுக்குப் போட்டா கைல என்ன மிஞ்சும். ஏசி கேக்கல, ரயில் வந்தா போதும்.


ஓ.எம்.ஆர் கைதி · காலை 9:41

ரயில் வந்தா போதுமா? அதான் வரலையே! 2023 ஆகஸ்ட்ல பீச்சுக்கும் எழும்பூருக்கும் நாலாவது லைன் போடுறோம்னு பீச் டு சிந்தாதிரிப்பேட்டை நிறுத்தினாங்க, 7 மாசத்துல முடிஞ்சிடும்னு சொன்னாங்க, 2024 அக்டோபர் கடைசிலதான் திரும்ப ஓடுச்சு. அத்தனை மாசமும் சிந்தாதிரிப்பேட்டையில இறங்கி சென்ட்ரலுக்கு நடந்தவங்க கிட்ட கேளுங்க 5 ரூபாயோட அருமையை. வேளச்சேரிலேருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர், 2008ல ஆரம்பிச்ச வேலை, கடைசி அரை கிலோமீட்டர் நெலத்துக்காக எத்தனை வருசம் தூண் மொட்டையா நின்னுச்சு. ஆதம்பாக்கத்துல பொறந்த குழந்தை அந்தத் தூணைப் பாத்தே காலேஜ் போயிடுச்சு.


கீழ்ப்படி டெய்லி பேசஞ்சர் · காலை 9:47

நடந்தவன் நான்தான் அண்ணே. 14 மாசம். அதுல ஒரு செருப்பு தேஞ்சது. அதுக்காக இருக்குற ரயிலையும் வேண்டாம்னு சொல்ல முடியுமா?


தண்டவாளக் கிறுக்கன் · மதியம் 1:10

லஞ்சுல இருக்கேன், ரெண்டு பேரும் சமாதானம். ஓ.எம்.ஆர் ஒப்பீடு பாதி சரி பாதி தப்பு. மெட்ரோ 100 அடி ரோடு மாதிரி அகலமான ரோட்டுக்கு நடுவுல போக முடிஞ்சது. எண்பதுகள்ல மயிலாப்பூர் ரோட்டுல தூண் நடுறேன்னு போயிருந்தா நம்ம மாமியே கொடி புடிச்சிருப்பாங்க. இன்னொண்ணு, பறக்கும் ரயில் அகல ரயில் பாதை, 1676 மில்லிமீட்டர், மத்த ரயில்வே லைனோட சேர்ந்தது. மெட்ரோ 1435. மெட்ரோ வண்டி 4 பெட்டி, இது 9 பெட்டி. பிளாட்பாரம் நீளம் ஆனா கீழ கட்டடமும் நீளும். அதனால பாக்க ராட்சசன் மாதிரி இருக்குறதுல ஒரு பங்கு வண்டியோடது, எல்லாமே கடைக்கனவு இல்ல.

ஆனா வாசல் விஷயத்துல ஓ.எம்.ஆர் சொல்றதுக்கு நான் கையைத் தூக்கிடுறேன். "கலங்கரை விளக்கம்" ஸ்டேஷன்ல இறங்கி கலங்கரை விளக்கத்தைத் தேடுனவங்க எத்தனை பேரு, அதுக்கு இன்னும் நல்லா நடக்கணும். பெருங்குடி ஸ்டேஷன் ஒரு பக்கம், ஜனங்க சொல்ற பெருங்குடி இன்னொரு பக்கம். சேப்பாக்கம் மட்டும் விதிவிலக்கு, பிளாட்பாரத்துலேருந்து பந்து போடுறது தெரியாட்டியும் சத்தம் கேக்கும், ஸ்டேடியம் அவ்ளோ ஒட்டி இருக்கு. அந்த ஒரு ஸ்டேஷனுக்கு மட்டும் யாரும் வழி கேக்க மாட்டாங்க.

இப்ப வர்ற ரெண்டாம் கட்ட மெட்ரோ மொத்தம் 118.9 கிலோமீட்டர். ஆற்காடு ரோட்டுல ஆழ்வார்திருநகர் பக்கம் ஒரே தூண்ல ரெண்டு அடுக்குப் பாலம், மேல ஒரு ரயில் கீழ ஒரு ரயில். திருமயிலைல பறக்கும் ரயிலுக்குக் கீழ சுமார் 35 மீட்டர் ஆழத்துல மெட்ரோ ஸ்டேஷன் தோண்டிட்டு இருக்காங்க. நம்ம நடு ஹாலைத் தாண்டி, கால்வாயைத் தாண்டி, அதுக்கும் கீழ. பறக்குற ரயிலும் புதையுற ரயிலும் ஒரே பேருல!


மகளிர் பெட்டி · மாலை 6:25

மூணு பக்கம் வரலாறு ஓடிடுச்சு, அந்தப் பொண்ணு கேட்ட ரெண்டாவது கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லல, கவனிச்சீங்களா? நான் 11 வருசமா இந்த லைன்ல போறேன், ஷிஃப்ட் வேலை, ராத்திரி பத்து மணிக்கும் வந்திருக்கேன். தங்கச்சி, என் அனுபவத்துல இருந்து சொல்றேன்.

வண்டில எங்க ஏறுறன்னுதான் எல்லாமே. உன் ஸ்டேஷன்ல படி எந்த இடத்துல இருக்குன்னு பகல்ல ஒரு தடவை நின்னு பாத்துக்க, அந்தப் படிக்கு நேரா நிக்கிற பெட்டில திருவான்மியூர்ல ஏறிக்க. இறங்கின உடனே படி. கூட்டத்தோட கூட்டமா 40 செகண்ட்ல ரோட்டுக்கு வந்துடலாம். நீ தனியா நடந்தது ஏன்னா நீ வேற கோடியில இறங்கி அந்த நீளம் முழுக்க நடந்து வந்திருக்க, அதுக்குள்ள மத்தவங்க போயிட்டாங்க. மகளிர் பெட்டி படிக்கு நேரா வந்துச்சுன்னா நல்லது, வரலேன்னா 9 மணிக்கு மேல நான் பொதுப் பெட்டில ஆளுங்க இருக்குற பக்கம்தான் உக்காருவேன், காலிப் பெட்டில பேருக்கு "மகளிர்"னு எழுதியிருந்து என்ன பண்ண.

லிஃப்டை ராத்திரில தனியா யூஸ் பண்ணாத. ரெண்டு வாசல் இருந்தா டீக்கடை இருக்குற வாசல்ல வா, அது சுத்துன்னாலும் பரவாயில்ல. 139 போன்ல சேவ் பண்ணிக்க, ரயில்வேயோட நம்பர். லைட் எரியலைன்னா அதுலயும் சொல்லு, ஸ்டேஷன் மாஸ்டர் ரூம்லயும் ஒரு தடவை போயி எழுதிக் குடு. வாயால சொன்னா மறந்துடுவாங்க, எழுதிக் குடுத்தா யாரோ ஒருத்தர் அதுக்குப் பதில் எழுதணும். எல்லாத்துக்கும் மேல, ஒருநாள் மனசு சரியில்லன்னு தோணுச்சுன்னா அன்னிக்கு ரயில் வேண்டாம், பஸ்ல போ. சாதா டவுன் பஸ்ல நமக்கு 2021லேருந்து டிக்கெட்டே கிடையாது.


வைகைக்கரை செல்வி · இரவு 9:58

அக்கா 🙏 நீங்க சொன்னது அப்படியே உண்மை. நான் தினமும் கடைசிப் பெட்டில ஏறுறேன், ஏன்னா திருவான்மியூர்ல படியேறினா அதுதான் பக்கம். இந்தக் கோணத்துல நான் யோசிக்கவே இல்ல. சூப்பர்வைசர் ஐயா, பஞ்சத்துல வெட்டின கால்வாய்னு படிச்சதுலேருந்து கீழ பாத்தா வேற மாதிரி இருக்கு. நேத்து வரைக்கும் மூக்கைப் பொத்திக்கிட்டு இருந்தேன். இப்பவும் பொத்துறேன், ஆனா பாக்குறேன்.


டிகிரி காப்பி · இரவு 10:20

கடைக்கனவு பத்தி ஒரு சந்தேகம். மெட்ரோ ஸ்டேஷன்லயும் கடை இருக்கே, அங்க எப்படி ஓடுது? கத்திப்பாராவுக்குக் கீழ 2021 கடைசில அர்பன் ஸ்கொயர்னு திறந்தாங்க, சாயங்காலம் ஆனா அங்க சாப்பிட நிக்கிற கூட்டத்தைப் பாத்தா ஆலந்தூர் ஸ்டேஷனே அதுக்காகக் கட்டின மாதிரி இருக்கு.


சேத்துக்கால் சூப்பர்வைசர் · காலை 5:40

காப்பி தம்பி, நீயே பதிலைச் சொல்லிட்ட. கீழ. தரையில. ஜனம் போற வழில. எவன்யா மொழங்கால் வலியோட ரெண்டாவது மாடி ஏறி வந்து சோப்பு சீப்பு வாங்குவான்? எங்க ஸ்டேஷன் கீழ படிக்கட்டு ஓரமா ஒரு அம்மா சாக்கு விரிச்சு பூ விக்குது, பக்கத்துல ஒரு ஆளு கீரைக்கட்டு. வாடகையும் இல்ல, போர்டும் இல்ல. அந்த ரெண்டு பேருக்கு ஆவுற யாவாரம் மேல இருக்குற மொத்த ஹாலுக்கும் ஆவாது. கடையை மேலயும் ஜனத்தைக் கீழயும் வச்சிட்டாங்க. நாங்க அன்னிக்கே சைட்ல பேசிக்குவோம், ஆனா தூண் போடுறவன் பேச்சை வரைபடம் போடுறவன் கேப்பானா.


ஓ.எம்.ஆர் கைதி · காலை 8:55

சூப்பர்வைசர் சாருக்கு ஒரு சல்யூட். இதுல நான் எதிர்த்துப் பேச ஒண்ணும் இல்ல. பறக்கும் ரயிலை மெட்ரோ கைல குடுக்குறதுக்கு 2025ல ரயில்வே போர்டு கொள்கை அளவுல ஓகே சொல்லிட்டாங்க. மாத்துறப்ப முதல்ல அந்த நடு ஹாலுக்கு ஒரு வழி பண்ணனும், ஜிம்மோ லைப்ரரியோ கிரஷ்ஷோ. சும்மா பெயிண்ட் அடிச்சு விடக் கூடாது.


கீழ்ப்படி டெய்லி பேசஞ்சர் · காலை 9:02

மெட்ரோ கைக்குப் போனா 5 ரூபா 5 ரூபாயாவே இருக்கணும், அதை முதல்ல எழுதி வாங்குங்க. 2025 செப்டம்பர்ல வந்த சென்னை ஒன் ஆப்ல பஸ், மெட்ரோ, புறநகர் ரயில்னு ஒரே டிக்கெட் எடுக்கலாம், அது நல்லா இருக்கு, ஒத்துக்குறேன். டிக்கெட் ஒண்ணாயிடுச்சு. ரேட்டும் மேல போயி ஒண்ணாகாம இருந்தா சரி.


மயிலை மாமி · காலை 9:30

கிரஷ் வெக்கலாம்னு சொன்னது நல்ல யோஜனை. புறாவை என்ன பண்ணப்போறேள்?


தண்ணிக்குள்ள வேளச்சேரி · காலை 9:31

மாமி, புறா பர்மனென்ட் ஸ்டாஃப், அதைத் தூக்க முடியாது.


வைகைக்கரை செல்வி · பத்து நாள் கழிச்சு, இரவு 11:52

யாரும் இன்னும் இந்த இழையைப் பாக்குறீங்களான்னு தெரியல, ஆனா சொல்லியே ஆகணும்.

மகளிர் பெட்டி அக்கா சொன்ன மாதிரி படிக்கு நேரா நிக்கிற பெட்டி மாத்திட்டேன், நடுவுல ஒரு பெட்டி, தூண்ல ஒரு சிவப்புக் கோடு இருக்கு அதுக்கு நேரா நின்னா கரெக்டா வருது. லைட்டுக்கு எழுதிக் குடுத்தேன். வாங்கி வச்சவர் ஒண்ணும் சொல்லல, நாலு நாள் கழிச்சு பாத்தா டியூப் மாத்தியிருக்காங்க, ரெண்டும் எரியுது. ஒண்ணு இப்பவே ங்ங்ங்னு சத்தம் போடுது, போகட்டும்.

இன்னிக்கு விஷயம் அது இல்ல. சேப்பாக்கத்துல மேட்ச். ஆபீஸ்ல லேட்டு, அதுக்கப்புறம் ஒரு ஃப்ரெண்டு வீட்டுல சாப்பிட்டுட்டு வந்ததுல நான் இறங்குறப்ப மணி 11. அதே நேரம் பாத்து எதிர் பிளாட்பாரத்துல சேப்பாக்கம் பக்கத்துலேருந்து வண்டி வந்து நிக்குது. கதவு எல்லாத்துலயும் மஞ்சள் சட்டை. கொட்டுது, கொட்டுது, கொட்டிக்கிட்டே இருக்கு. தோள்ல குழந்தையை வச்சுக்கிட்டு, மூஞ்சில பெயிண்ட் அழிஞ்சு போயி, ஒரு தாத்தா விசில் ஊதிக்கிட்டு. எல்லாரும் படியில இறங்கி நடு ஹாலுக்குள்ள வர்றாங்க, நான் நடுவுல மாட்டிக்கிட்டேன், அந்தப் பெரிய ஹால் சுவத்துக்குச் சுவர் ரொம்பிடுச்சு. யாரோ ஒருத்தன் விசில் அடிச்சான் பாருங்க, மேல தூண்ல பட்டு அது திரும்பி வந்துச்சு, அவ்ளோதான், 500 பேரும் ஆரம்பிச்சிட்டாங்க. புறா எல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. என் செருப்புச் சத்தம் ரெண்டு தடவை கேட்ட அதே இடம்.

நெரிசல் இல்லவே இல்ல, அதுதான் எனக்கு ஆச்சரியம். அவ்ளோ பேரும் நிதானமா பரவி நடந்தாங்க. இடம் சரியா இருந்துச்சு.

வாசல்ல அந்தப் பூக்காரம்மா அந்த நேரத்துலயும் உக்காந்திருக்கு. மேட்ச் அன்னிக்கு மட்டும் 12 வரைக்கும் இருக்குமாம். சூப்பர்வைசர் ஐயா, நீங்க சொன்ன அதே அம்மாவான்னு தெரியல. மிச்சம் ரெண்டு முழம் இருந்துச்சு, நானே வாங்கிட்டேன்.


சேத்துக்கால் சூப்பர்வைசர் · காலை 5:35

சாக்குப் பக்கத்துல நீலக் குடை இருந்துச்சாம்மா?


வைகைக்கரை செல்வி · காலை 8:10

ஆமாங்கய்யா, கைப்பிடி ஒடிஞ்ச நீலக் குடை!!


கீழ்ப்படி டெய்லி பேசஞ்சர் · காலை 8:16

அடுத்த மேட்ச் எப்போன்னு பாத்து வச்சுக்கங்க எல்லாரும். போறப்பவே ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துடுங்க, ராத்திரி சேப்பாக்கம் கவுன்ட்டர்ல நிக்கிற வரிசையைப் பாத்தா ஜெயிச்ச சந்தோசமே போயிடும்.